இடது கை மடிப்பு

சமையலறையில் செய்த சத்தியத்துக்கு ஆயுசு எவ்வளவு என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் சின்னியைக் கேட்கலாம். அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டி, பஸ் பிடித்து, லாண்டரி வாசலில் இறங்கும் வரை. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

"ரெண்டு பேருமே கையெழுத்துப் போடக் கூடாது" என்று அண்ணி சொன்னதும், "செத்தாலும் போட மாட்டேன் அண்ணி" என்று இவள் மார்தட்டியதும், அன்று மதியத்துக்குள் மேனேஜர் நீட்டிய காகிதத்தில் நல்ல பிள்ளையாகப் போட்டுவிட்டு வந்ததும் போன வாரம் நாம் பார்த்ததுதான். பார்க்காதவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அண்ணிக்கும் சின்னிக்கும் ஒரே வீடு, ஒரே வேலை. ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்பையும் துண்டையும் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்புகிற லாண்டரி. இருவருமே மடிப்புப் பிரிவு. கல்யாணம் ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து மூலையில் சுருண்டு கிடந்த நாத்தனாரை, "எழுந்திரு, என்கூட வா" என்று இழுத்துக்கொண்டு போய் அங்கே சேர்த்துவிட்டதே அண்ணிதான்.

வருஷக்கணக்காக எல்லோருக்கும் மாதச் சம்பளம். திடீரென்று ஒரு நாள், இனி அது கிடையாது, மடிக்கிற துணிக்குக் கிலோ கணக்கில் கூலி, சம்மதம் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். ஹோட்டலில் ஆள் தங்காத மாதம் துணி வராது, மிஷின் படுத்துக்கொண்டால் துணி வராது, துணி வராதது மடிக்கிறவள் குற்றமா என்று அண்ணி கேட்டாள். மேனேஜரிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வந்துவிடும்.

அண்ணியோடு சேர்ந்து மாட்டேன் என்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் அண்ணி மட்டும் தனி மரம். கையெழுத்துப் போடாதவளின் சம்பளத்தில் கை வைக்க முடியாது. அதனால் அவளாகவே வேலையை விட்டு ஓடட்டும் என்று ஆரம்பித்தார்கள்.

முதலில் ஜோடியைப் பிரித்தார்கள். பெரிய விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. நாலு முனைக்கு நாலு கை வேண்டும். எதிரும் புதிருமாக நின்று, பிடித்து, உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அண்ணிக்கு ஜோடி சின்னிதான். சின்னிக்கு நேற்று வந்த ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள். அவள் பேரைக் கேட்கக்கூட யாருக்கும் பொழுதில்லை, புதுசு என்றே கூப்பிட்டார்கள். அண்ணியை அழுக்குத்துணி பிரிக்கிற அறையை ஒட்டிய பின் மேஜைக்குத் தள்ளி, பெரிய விரிப்பாகப் பார்த்து அவள் தலையில் கட்டினார்கள்.

அண்ணி அசரவில்லை. வீட்டிலிருந்து இரண்டு கிளிப் கொண்டு போய் விரிப்பின் இரண்டு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, கம்பியையே ஜோடியாக வைத்து மடித்தாள். பார்த்த சூப்பர்வைசர் மறுநாள் கிளிப்புகளை எடுத்துவிட்டார். அண்ணி கயிற்றுத் துண்டால் கட்டினாள். அடுத்து ஸ்டூலைத் தூக்கினார்கள். அதற்கடுத்து, பாத்ரூம் போகக்கூடச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். பிறகு மெமோ. தாமதம் என்று ஒன்று, எதிர்த்துப் பேசினாள் என்று ஒன்று. மூன்றாவது வந்தால் விசாரணை, விசாரணை வந்தால் வீடு. அது லாண்டரியில் எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவுக்கும் நடுவில், தினமும் காலையில் அண்ணி இரண்டு டப்பா கட்டினாள். ஒன்று தனக்கு, ஒன்று சின்னிக்கு. இன்றும் அப்படித்தான்.

டப்பாவை மேடையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள். நாலு வார்த்தை நறுக்கென்று திட்டியிருந்தால் சின்னிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டு வாங்கினால் பாதிக் கடன் தீர்ந்த மாதிரி. அந்தச் சலுகையை அண்ணி கொடுக்கவில்லை. பஸ்ஸில் முன்னே இடம் கிடைத்து உட்கார்ந்துகொண்டாள். பின்னாலிருந்து அவளுடைய கொண்டையையே பார்த்துக்கொண்டு சின்னி நின்றபடி வந்தாள். பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. போய் உட்காரக் கால் வரவில்லை.

அவமானத்துக்கு இரண்டு காரணம் இருந்தது. ஒன்று ஊருக்கே தெரிந்த கையெழுத்து. இன்னொன்று அவளுக்கும் புதுசுக்கும் மட்டும் தெரிந்தது. அதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிலோ கணக்கு வந்த முதல் நாளே சின்னி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். காய்ந்த விரிப்பு எடையே காட்டாது. டிரையர் நின்று மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கதவைத் திறந்து எடுத்தால், ஓரத் தையலில் லேசாக ஈரம் நிற்கும். தொட்டால் சூடாக இருப்பதால் ஈரம் தெரியாது. தராசுக்கு மட்டும் தெரியும். வேலையும் சீக்கிரம் முடிகிறது, முள்ளும் ஏறுகிறது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அவளே மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவர்கள் ஏமாற்றுகிறார்கள், நான் கொஞ்சம் ஏமாற்றினால் என்ன. புதுசு ஒரு தரம், "அக்கா, ஈரமா இருக்கிற மாதிரி இருக்கே" என்றாள். "ஆவிடி அது, ஆறினா போயிடும்" என்று சின்னி அவள் வாயை அடைத்தாள்.

ஈரம் போகவில்லை. மடிப்புக்குள்ளேயே இருந்தது. ஹோட்டல் அலமாரியில் நாலு நாள் அடுக்கிவைத்ததும் தன் வேலையைக் காட்டிவிட்டது.

காலை டீ முடிந்த நேரம், சூப்பர்வைசர் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அந்த மனிதரை முன்னாலே சார் என்பார்கள், பின்னாலே கஞ்சி என்பார்கள். சட்டைக்கு அவ்வளவு கஞ்சி. குனிந்தால் சட்டை உடைந்துவிடுமோ என்று நமக்குப் பயமாக இருக்கும். அதனாலேயோ என்னவோ அவர் யாருக்கும் குனிவதில்லை, மேனேஜர் அறை வாசலைத் தவிர.

வண்டி நிறைய விரிப்புகள். மடித்தது மடித்தபடி திரும்பி வந்திருந்தன. வண்டி நெருங்குவதற்கு முன்பே புழுங்கின வாடை வந்துவிட்டது.  வண்டியைப் பார்க்க வேண்டிய அவசியமே சின்னிக்கு இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சின்னி இடது கைக்காரி. கடைசி மடிப்பில் எல்லோரும் வலது கையை இடது கைமேல் கொண்டுவந்து மூடுவார்கள். ஹோட்டல் பெயர் அச்சு மேலே தெரிய அடுக்கினால், விரிப்பின் திறந்த ஓரம் வலப்பக்கம் இருக்கும். சின்னிக்கு அது வராது. அவள் மடித்தால் திறந்த ஓரம் இடப்பக்கம்தான் விழும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்காகக் கஞ்சியிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டு கையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு விரிப்பு கோணிக்கோணிப் போனது. அழுதுகொண்டே, "எனக்கு இந்த வேலை வேணாம் அண்ணி" என்றாள்.

அண்ணி மறுநாளிலிருந்து தன் கையை மாற்றிக்கொண்டாள். பிறவியிலேயே வலது கைக்காரி, நாத்தனாருக்காக இடது கையால் மூடப் பழகினாள். அன்றிலிருந்து அந்த ஜோடி மடித்த விரிப்புகள் மட்டும் இடப்பக்கம் திறந்திருக்கும். ஒழுங்காக, நூல் பிடித்த மாதிரி இருந்ததால் கஞ்சியும் வாயை மூடிக்கொண்டார். லாண்டரி முழுவதும் அதற்கு அண்ணி மடிப்பு என்றே பேர். மூத்தவள் பேரில்தானே எதையும் சொல்வார்கள்.

ஜன்னல் கம்பிக்கு இடதும் கிடையாது வலதும் கிடையாது. ஜோடியைப் பிரித்த அன்றே அண்ணி தன் சொந்தக் கைக்குத் திரும்பிவிட்டாள். இப்போது லாண்டரியில் இடப்பக்கம் திறக்கிற மடிப்பு ஒரே ஒருத்தியுடையதுதான்.

கஞ்சி வண்டியைப் பின் மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போய் அண்ணி முன்னால் நிறுத்தினார். மேலிருந்த விரிப்பைத் தூக்கி மேஜைமேல் போட்டார். எல்லோரையும் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்க்கச் சொன்னார்.

"இடப்பக்கம் திறந்திருக்கு. இது யார் மடிப்புன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

அண்ணி விரிப்பைப் பார்த்தாள். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிச் சின்னியைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி பார்த்தாள்.

புதுசு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாவம், உலகம் தெரியாத பெண். சின்னியின் கை தானாகப் போய் அவளுடைய முழங்கையைப் பிடித்து அழுத்தியது. அவள் வாயை மூடிக்கொண்டாள். சின்னி தன் கையைப் பார்த்தாள். இடது கைதான்.

கஞ்சி அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சின்னியை முன்னால் கூப்பிட்டு, "நீ அவங்க வீட்டுப் பொண்ணுதானே, நீயே மோந்து பார்த்துச் சொல்லு" என்றார்.

சின்னி குனிந்தாள். தான் அவசரப்பட்டு எடுத்த விரிப்பு, தன் கையால் மூடிய மடிப்பு. மூக்குக்குள் அந்த வாடை ஏறியது. சொல்ல இரண்டே வார்த்தைதான் இருந்தது. என் மடிப்பு. அவ்வளவுதான். அதைச் சொல்வதற்குப் பதிலாக அவள் வாய் வேறு எதையோ சொன்னது.

"வாடை வருது சார்."

யாரோ பின்னால் இருமினார்கள். இஸ்திரி மேஜை அக்கா, "பழி ஓரிடம் பாவம் ஓரிடம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு இஸ்திரியை எடுத்துக்கொண்டாள். சுவருக்குத்தான் சொன்னாள். சின்னிக்குக் காது சுட்டது.

கஞ்சி நீட்டிய மூன்றாவது மெமோவை அண்ணி வாங்கிக்கொண்டாள். படித்துப் பார்த்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தாள். "சரி சார்" என்று மட்டும் சொன்னாள். கயிற்றைக் கட்டிக்கொண்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்தால், சின்னிக்குப் பிடிக்காததை ஒதுக்கி, பிடித்ததை மேலே வைத்துக் கட்டியிருந்தது. இத்தனை நடந்தும் கை பழக்கத்தை விடவில்லை போல. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த புதுசு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, அது நம்மளுதுதானே?" என்றாள். சாப்பிடுகிற நேரத்தில் என்ன பேச்சு என்று சின்னி அதட்டினாள். அந்தப் பெண் அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

வேலை முடிகிற நேரத்தில் சின்னியை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நாளைக் காலை விசாரணை, அண்ணியின் மடிப்பை அடையாளம் சொல்ல அவளோடு ஜோடியாக இருந்தவளைவிடத் தகுந்த ஆள் யார், நீதான் சாட்சி என்றார்கள். சின்னி தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா என்று அவளுக்கே தெரியாது. அவர்களுக்குப் பிடித்த மாதிரி அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் அண்ணன் காத்துக்கொண்டிருந்தான். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டுச் சாயங்காலம் வந்ததும் காலை நீட்டிப் படுத்துக்கொள்வான். இன்று படுக்கவில்லை. நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். கஞ்சி அவனுக்கு ஏற்கெனவே போன் பண்ணிவிட்டார். வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்தால் வீட்டுக்காரி வழிக்கு வருவாள் என்று ஒரு கணக்கு.

அண்ணி முகம் கழுவப் போவதற்குள் ஆரம்பித்துவிட்டான். ஊரெல்லாம் கையெழுத்துப் போட்டது, இவளுக்கு மட்டும் என்ன வந்தது என்றான். நியாயம் பேசுவதற்கு முன்னால் வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டாமா என்றான். வேன் இரண்டு மாதமாக ரிப்பேர் ரிப்பேர் என்று அவன் கையைக் கடிக்கிறது, வாடகை அண்ணி சம்பளத்தில்தான் போகிறது. பயத்தில் கத்துகிறான் என்று யாருக்கும் புரியும். ஆனால் பயம் வந்தால் சில பேர் பெண்டாட்டிமேல்தான் கத்துவார்கள்.

அண்ணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்னியைப் பாரு" என்றான் அண்ணன். "உன்கிட்டதான் தொழில் கத்துக்கிட்டா. அவ மேல ஒரு புகார் உண்டா? இருக்கிற இடம் தெரியாம வேலையப் பார்த்துட்டு வரா. அவளைப் பார்த்துக் கத்துக்க."

இதுதான் தாங்கவில்லை. காலையிலிருந்து தாங்கினதெல்லாம் இந்த ஒரு வார்த்தையில் உடைந்துபோனது. யாராவது திட்ட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவளுக்குப் பாராட்டுக் கிடைத்தால் எப்படி இருக்கும்? தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அது அண்ணி மடிப்பு இல்லண்ணே. என்னுது. ஈரத்தோட எடுத்ததும் நான்தான். எடை ஏறும்னு எடுத்தேன்."

சொல்லி முடித்ததும் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி ஆச்சரியப்படவில்லை. துண்டைக் கொடியில் போட்டாள்.

 அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. இப்போது என்னை அறைவான் என்று சின்னி நினைத்தாள். அறைந்தால் நல்லது என்றும் நினைத்தாள். அவன் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"சரி, ஆனது ஆகிப்போச்சு" என்றான். குரல் வெகுவாக இறங்கியிருந்தது. "நாளைக்கு அங்க போய் இதையெல்லாம் சொல்லிட்டிருக்காத. உங்க அண்ணி எப்படியும் அவங்க கண்ணுல விழுந்தாச்சு. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு அனுப்பத்தான் போறாங்க. உன்னையும் சேர்த்து அனுப்பிட்டா வீட்டுல என்ன பண்றது? ஒரு சம்பளமாவது மிஞ்சட்டும்."

சொல்லிவிட்டு மனைவி பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. அவன் கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அண்ணி சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு.

"உங்க தங்கச்சி மட்டும்தான் கையெழுத்துப் போட்டிருந்தா" என்றாள். "இப்ப நீங்களும் போட்டாச்சு."

மாடிப்படி ஏறிப் போய்விட்டாள். மொட்டை மாடியில் காலையில் போட்ட துணி கிடந்தது. அண்ணன் டி.வி.யைப் போட்டான், அணைத்தான், பிறகு வேன் சாவியை எடுத்துத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சாவியில் துடைக்க என்ன இருக்கிறது? அவனைப் பார்க்கச் சகிக்காமல் சின்னியும் மாடிக்குப் போனாள்.

வெளிச்சம் இன்னும் போகவில்லை. அண்ணி தலையணை உறைகளை மடித்து முடித்துவிட்டுப் பெரிய விரிப்பைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள். சின்னி கிட்டே போய் நின்றாள். மன்னிச்சிடுங்க என்று ஆரம்பித்தாள். அந்த வார்த்தை அவளுக்கே செல்லாக்காசு மாதிரி கேட்டதால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க ஏன் அண்ணி அங்கயே சொல்லல? பார்த்ததும் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது." அண்ணி விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டாள். "என் கையப் புடிச்சுப் புடிச்சுக் கத்துக்கிட்ட மடிப்பு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்?"

"எனக்குப் பெரிய மனசுன்னு நினைச்சுக்காத. வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டணும்னுதான் இருக்கு, இப்பவும். நான் சொன்னா, தப்பிக்கிறதுக்காக நாத்தனாரை மாட்டிவிட்டான்னு ஆயிடும். அதான் நின்னேன். நீ சொல்லுவேன்னு நின்னேன்."

அண்ணி ஒரு பார்வை பார்த்தாளே காலையில், அது அதற்குத்தான். தான் வாடை வருது சார் என்று சொன்ன நேரத்தில் எதிரே ஒருத்தி நம்பிக்கையோடு நின்றுகொண்டிருந்தாள். இதை நினைத்ததும் சின்னிக்கு உடம்பெல்லாம் கூசியது. முகத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியாமல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீழேயிருந்து அண்ணன் கூப்பிட்டான். போன் வந்திருக்கிறதாம், சின்னிக்காம். படியேறி வந்து போனை நீட்டினான். கையால் வாயை மறைத்துக்கொண்டு, "உங்க சூப்பர்வைசர். பார்த்துப் பேசு" என்றான். அண்ணியைப் பார்க்காமலே இறங்கிப் போனான்.

கஞ்சி ரொம்ப அன்பாகப் பேசினார். அந்த ஆளிடம் இவ்வளவு அன்பு இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. நாளைக்கு மேனேஜர் கேட்டால் அந்த மடிப்பு யாருடையது என்று ஒரு வரி சொன்னால் போதும் என்றார். மடிப்புப் பிரிவுக்கு ஒரு பொறுப்பான ஆள் வேண்டும் என்று மேலே பேச்சிருப்பதாகவும், தான் சின்னி பேரைத்தான் சொல்லப்போவதாகவும் சொன்னார்.

அண்ணி விரிப்போடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கேட்காத மாதிரி நிற்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

சின்னிக்கு இந்தத் தடவையும் சொல்லாவிட்டால் இனி ஜென்மத்துக்கும் சொல்ல முடியாது என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், அது அண்ணி மடிப்பு இல்ல சார். என் மடிப்பு. நான்தான் ஈரத்தோட எடுத்தேன்."

சொல்லிவிட்டாள். மூச்சே அப்போதுதான் வந்தது.  திட்டு வரப்போகிறது, வேலை போகப்போகிறது, போனால் போகட்டும் என்று நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தைரியமாக ஒன்றைச் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

"எனக்குத் தெரியும்மா" என்றார் கஞ்சி.

அதே அன்பான குரல்.

"இத்தனை வருஷம் அந்தத் தராசுக்குப் பக்கத்துல நிக்கிறேன். டிரையர் கதவு மணி அடிக்கிறதுக்கு முன்னாடி திறக்குற சத்தம் கேக்காதா எனக்கு? முதல் நாளே தெரியும். நாளைக்கு அதைச் சொல்லாம இருந்தாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

போனை வைத்துவிட்டார்.

அண்ணன் சொன்ன அதே வார்த்தை. ஈரத்தோடு விரிப்புகள் போவதைப் பார்த்துக்கொண்டு அந்த மனிதர் நாலு நாள் சும்மா இருந்திருக்கிறார். திரும்பி வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். அண்ணியைத் துரத்த அவருக்கு ஒரு குற்றம் தேவைப்பட்டது. அதைச் சின்னி தன் கையாலேயே மடித்து, அடுக்கி, எடை போட்டுக் கொடுத்திருக்கிறாள். நனைத்தது சின்னி. சுமந்தது அண்ணி.

"என்னவாம்?" என்றாள் அண்ணி.

"அந்த ஆளுக்கு முதல்லேர்ந்தே தெரியுமாம் அண்ணி."

"எனக்கும் தெரியும், அந்த ஆளுக்குத் தெரியும்னு" என்றாள் அண்ணி. "மேனேஜருக்கும் தெரிஞ்சிருக்கும். இஸ்திரி மேஜை அக்காவுக்கும் தெரியும். தெரியாத ஆள் யாரும் நாளைக்கு அந்த ரூம்ல இருக்கப் போறதில்ல. ஆனா யாராவது ஒருத்தர் சத்தமா சொன்னாத்தான் அது உண்மை."

நாளைக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று அண்ணி கேட்கவில்லை. கேட்பாள் என்று சின்னி எதிர்பார்த்தாள், கேட்டால் பதில் சொல்லவும் பயந்தாள். மேனேஜர் அறை, அந்த நீள மேஜை, காகிதம், எல்லோருடைய முகமும் கண்முன்னால் வந்தன. மாடியில் இருட்டத் தொடங்கியிருந்தது. கீழே அண்ணன் மறுபடி டி.வி.யைப் போடுகிற சத்தம் கேட்டது.

அண்ணி தோளிலிருந்து விரிப்பை எடுத்து உதறினாள். இரண்டு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு முனையைச் சின்னி பக்கம் நீட்டினாள். எத்தனையோ வருஷமாக நீட்டின மாதிரிதான்.

"பிடி" என்றாள்.

சின்னிக்குக் கை எழவில்லை.